பன்னிரண்டு அடியில் கொடிகாமம்

மாதிரிப் புகையிரதம் என்றதும் எம்மவரின் மனதில் தோன்றுவது, சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் விளையாட்டுச் சாமான்தான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்குள் சில்லுக் கழன்று கட்டிலுக்கடியில் கிடக்கும். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது பெரியவர்களின் பொழுதுபோக்கு. ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891 இல் லைப்சிக் நகரச் சந்தையில், தண்டவாளத் துண்டுகளை மேலும் மேலும் பொருத்தி வளர்த்துச் செல்லக்கூடிய பொம்மைப் புகையிரதத்தைக் காட்சிக்கு வைத்தது. லிவர்பூலின் பிராங்க் ஹோர்ன்பி 1920 இல் தமது பெயரிலேயே புகையிரதங்களைச் சந்தைக்கு விட்டார். ஹம்பேர்க் நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் 2001 இல் திறந்துவைத்த சின்னஞ்சிறு உலகம் இன்று உலகெங்குமுள்ள பயணிகளை இழுக்கிறது. பாடகர் றொட் ஸ்ருவேர்ட், இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டுத் தமது வீட்டின் மேல்மாடியில் ஓர் அமெரிக்க நகரத்தையே எழுப்பியிருக்கிறார்.

இந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமளவுக்கு நான் துணிந்தவனல்லன். எனினும் எழுபது வயதைக் கடந்தபின், வெள்ளவத்தையில் உள்ள எமது சிறிய மாடிவீட்டின் வரவேற்பறைச் சுவரோரமாக, பன்னிரண்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட பலகை ஒன்றின்மீது நான் ஒரு புகையிரத நிலையத்தை அமைத்திருக்கிறேன். "நாற்பது வருசம் பேப்பரில தலையங்கம் எழுதின மனிசன், இப்ப கோச்சி ஓட்டுறார்" என்று என் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வதுண்டு. அதில் ஒரு சிறு பெருமையும் கலந்திருப்பதாகவே நான் கருதுகிறேன். ஏனெனில் பலகையைத் தூசி தட்டுபவர் அவர்தான்.

அந்த நிலையம் கொடிகாமம்.

ஏன் கொடிகாமம் என்று கேட்கிறார்கள். எனது தாயாரின் ஊர் அதற்கு அண்மையில் இருந்தது என்பது முதற் காரணம். தென்மராட்சியின் மாவும் பலாவும் தேங்காயும் வந்து குவியும் சந்தை அங்கே இருந்தது என்பது அடுத்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அது வடமராட்சியின் வாசலாகவும் இருந்தது என்பதே. பருத்தித்துறைக்கும் நெல்லியடிக்கும் செல்லவேண்டியவர்கள் கொடிகாமத்தில் இறங்கி, வெளியே காத்திருக்கும் தட்டிவானில் ஏறுவார்கள். புகையிரதமும் தட்டிவானும் சந்தையும் சில நூறு யார் தூரத்துக்குள் அடங்கிய இடம் என்பதால், சிறிய பலகைக்கு அது மிகவும் பொருந்தியது.

வடபகுதிப் பாதையின் வரலாற்றை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் பாதை திறக்கப்பட்டு, அதே ஆண்டில் பளை வரை நீண்டது. 1905 இல் தெற்கிலிருந்து வந்த பாதையுடன் அது இணைந்தது. 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி தன் ஓட்டத்தைத் தொடங்கியது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர் முடிந்தபின் பாதை துண்டு துண்டாக மீண்டெழுந்து, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சில் பளையையும், 2014 ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறையையும் அடைந்தது.

இனி அளவுக்கு வருவோம். எமது புகையிரதப் பாதை அகலப் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையில் ஐந்தரை அடி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளியோ 16.5 மில்லிமீற்றர். அது நாலடி எட்டரை அங்குல ஐரோப்பியப் பாதைக்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் அவர்களுடைய அளவிலேயே எமது வண்டியை வைத்தால், தண்டவாளம் ஒடுங்கி, வண்டி கால் சிறுத்த மனிதனைப்போல நிற்கும். ஓர் இரவு கடதாசியும் பென்சிலுமாக இருந்தபோது விடை கிடைத்தது. ஓர் அடிக்கு மூன்று மில்லிமீற்றர் என்று அளவை வைத்துக்கொண்டால், ஐந்தரை அடி சரியாகப் பதினாறரை மில்லிமீற்றர் ஆகிவிடுகிறது! மயிரிழையும் பிசகவில்லை. ஐரோப்பியரின் தண்டவாளம் எமது தண்டவாளமாக மாறிவிட்டது. அதாவது நிஜத்தின் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு. அறுபதடிப் பெட்டி பதினெட்டு சென்ரிமீற்றர். எனது பன்னிரண்டு அடிப் பலகை ஆயிரத்து இருநூறு அடிக்குச் சற்று அதிகமான நிலம். அதே அளவில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை முழுப் பாதையையும் அமைக்க விரும்புபவர், வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஏறத்தாழ நான்கு கிலோமீற்றருக்குப் பலகை அடிக்கவேண்டும்.

பலகை நாலடி நீளமான மூன்று துண்டுகளாலானது. துண்டுகள் ஆணிகளால் முடுக்கப்பட்டு, மின்கம்பிகள் செருகிகளால் இணைக்கப்பட்டுள்ளன. நடுவிலுள்ள ஆறடியே கண்ணுக்குத் தெரியும் நிலப்பரப்பு. இரு முனைகளிலும் மும்மூன்று அடி மறைவானது. இடப்புற மறைவு கொழும்பு. வலப்புற மறைவு யாழ்ப்பாணம். பனந்தோப்பு ஒன்றின் பின்னாலிருந்து வண்டி வெளிப்பட்டு, நிலையத்தில் நின்று, சந்தைக்கு அப்பாலுள்ள மரங்களுக்குள் மறையும். பார்ப்பவருக்கு அது எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது. ஓடுவதற்குப் பன்னிரண்டு வோல்ற்று மின்சாரம் போதும்.

நிலத்தை அமைப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான இன்பம் இருக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் ஊசியிலை மரங்களும் ஓக் மரங்களும் பைகளில் கிடைக்கின்றன. பனைமரம் எங்கும் விற்பனைக்கில்லை. ஆகவே பனையை நானே 'வளர்க்க' வேண்டியதாயிற்று. முறுக்கிய கம்பிமேல் மெல்லிய கடதாசியைச் சுற்றி, பசை பூசி, மரத்தூள் தூவினால் அடிமரம் ஆயிற்று. தடித்த கடதாசியை வட்டமாக வெட்டி, ஓரங்களில் நெருக்கமாகக் கத்தரித்து, நடுவில் மடித்தால் ஓர் ஓலை. ஒரு பனைக்கு இருபத்தைந்து ஓலைகள் வேண்டும். அறுபது பனைகளுக்கு எத்தனை என்று வாசகர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கிடுகு வேலிக்குப் பழைய சாக்குத் துணி நன்றாக உதவியது. தேநீர்ச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்தால், இரண்டு மழைகண்ட கிடுகின் நிறம் அப்படியே வரும்.

மணல் விடயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கொடிகாமத்து மணலையே ஒரு போத்தலில் வருவித்து, தண்டவாளத்தின் ஓரத்தில் தூவிப் பார்த்தேன். சின்ன உலகத்தில் ஒவ்வொரு மணலும் கல்லாகத் தெரிந்தது. ஊரின் மண்ணே ஊரைப்போல இருக்கவில்லை. பின்னர் அதே மணலை அம்மியில் அரைத்து, துணியால் அரித்தெடுத்தபோதுதான் அது மணலாயிற்று. வெள்ளைப் பசையில் நீர் கலந்து, அது நன்றாக ஊறிப் பரவுவதற்காகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேர்த்து, துளிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு அதனை ஒட்டினேன். எமது வீட்டுக்குக் கீழே கரையோரப் புகையிரதப் பாதை. பசை காயுமுன் நிஜப் புகையிரதம் ஒன்று கடந்து போனால், எனது கொடிகாமம் மெல்ல அதிரும். கடற்காற்றின் உப்பு தண்டவாளத்தில் படிந்து மின்னோட்டத்தைத் தடுப்பதால், வாரமொருமுறை துடைக்கவும் வேண்டும்.

பயணிகளை அமைப்பது இன்னொரு கதை. கட்டடக் கலைஞர்கள் தமது மாதிரிகளில் வைக்கும் வெள்ளை நிறப் பொம்மைகள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பைகளில் கிடைக்கின்றன. எல்லோரும் மேலங்கி அணிந்த ஐரோப்பியர். எல்லோரும் அவசரமாக எங்கோ நடக்கிறார்கள். மேலங்கியைச் சுரண்டி, மெல்லிய கடதாசியால் வேட்டியும் சேலையும் சுற்றி, சிலரை அமரவைத்து, சிலரின் தலையில் கடகம் ஏற்றினேன். காத்திருப்பவர்களாக அவர்களை மாற்றுவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது.

இவ்வேளையில் எனக்குக் கிடைத்த பெருந்துணை, ஓய்வுபெற்ற புகையிரதக் கார்ட் ஒருவர். அவர் சிங்களவர். இளமையில் வடபகுதிப் பாதையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். எனது ஒழுங்கையிலேயே வசிக்கிறார். முதல் நாள் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணிநேரம் பேசாமல் பார்த்தார். பின்னர் தமிழில், "மாத்தயா, நாய் எங்கே? நாய் இல்லாத ஸ்ரேசன் இல்லை" என்றார். அடுத்த நாளே மேடையில் ஒரு நாய் படுத்துக்கொண்டது.

ஒற்றைப் பாதையில் வண்டிகள் மோதாமல் ஓடும் முறையை அவர்தான் செய்து காட்டினார். இரு நிலையங்களுக்கிடையே உள்ள பாதைக்கு 'ரெப்லற்' என்னும் உலோகத் தட்டு உண்டு. அது கையில் கிடைக்காமல் எந்தச் சாரதியும் அந்தப் பாதைக்குள் நுழைய முடியாது. இரு நிலையங்களிலும் உள்ள இயந்திரங்கள் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வேளையில் ஒரு தட்டு மட்டுமே வெளியே வரும். அதை ஒரு வளையத்தில் இட்டு, நிலையத்தைக் கடக்கும் வண்டியின் சாரதிக்கு நீட்டுவார்கள். இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் முறைப்படி வண்டி ஓட்டுகிறோம். அவர் கொழும்புப் பக்கத்தில் அமர்வார். நான் யாழ்ப்பாணப் பக்கத்தில். மணி அடித்து அனுமதி கேட்டு, தட்டைப் பெற்று, கைகாட்டியை இறக்கி, பிறகே வண்டி அசையும். மூன்று வண்டிகள் ஓடி முடிய முக்கால் மணிநேரம். அவ்வேளையில் தொலைபேசி அடித்தாலும் நாங்கள் எடுப்பதில்லை.

பெட்டிகளுக்கு நிறம் பூசும் நாள் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பழைய நண்பர்களைக் கேட்டேன். ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தாம் சொல்வதே சரியென்று அடித்துப் பேசினார்கள். ஒருவர் மற்றவருடன் இரண்டு வாரம் கதைக்கவுமில்லை. கார்ட் ஐயா சிரித்துக்கொண்டே தீர்ப்பளித்தார்: எல்லோரும் சொல்வது சரி, பெட்டிகள் மாறின, பூச்சும் மாறியது, எந்த ஆண்டு என்று முதலில் சொல்லுங்கள் என்றார்.

நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ கட்டுரைகளை 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கியிருக்கிறேன். யாரும் எந்தக் காலம் என்று கேட்டதில்லை. பலகையோ கேட்கிறது. தட்டிவானின் வடிவம், சுவரொட்டியில் உள்ள திரைப்படம், மின்கம்பம் உண்டா இல்லையா, பெண்களின் சேலைக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு தேவை. மாதிரிப் புகையிரதக்காரர் மத்தியில் ஒரு கட்டுப்பாடு உண்டு: குறித்த ஆண்டுக்குப் பிந்திய எதுவும் பலகையில் இடம்பெறக்கூடாது. நான் 1969 ஓகஸ்ற் மாதத்தைத் தெரிவுசெய்தேன். அதன்பின் எனது பலகையில் காவலரண் இல்லை; முட்கம்பி இல்லை. மேடையில் நிற்கும் அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் இனி வரப்போவது எதுவும் தெரியாது. அவர்களுடைய கவலையெல்லாம் வண்டி தாமதமா என்பதுதான்.

எமக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து 1925 இல் இங்கிலாந்து வந்த றோய் இங்கிலன்ட் என்ற இளைஞர், பழைய கிராமத்து வீடுகள் கண்முன்னே இடிபடுவதையும் உருமாறுவதையும் கண்டு வருந்தி, அவற்றை அளந்து அடிக்கு நான்கு மில்லிமீற்றர் அளவில் செய்து காப்பாற்றப் புறப்பட்டார். 1995 இல் காலமாகும்வரை அதுவே அவருடைய வாழ்க்கை. ஒக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள பென்டன் அருங்காட்சியகம் அவர் தொடக்கியதே. அங்கே 1920களினதும் 1930களினதும் கிராமங்கள் இன்றும் நிற்கின்றன. தன்னார்வலர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய கிராமங்களை அழித்தது காலமும் நாகரிகமும். எமது கதை வேறு.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா 1950களில் எமக்கு டீசல் இயந்திரங்களை வழங்கியது. அவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர்கள்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், கியூபெக் என்று. 2004 டிசம்பர் 26 இல் பெரேலியவில் ஆழிப்பேரலையில் சிக்கிய வண்டியை இழுத்துச் சென்ற மனிற்றோபாவும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. எனது அளவில் இந்த இயந்திரம் எந்தக் கடையிலும் இல்லை. ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பியின் பேத்தி, பதின்மூன்று வயது, பாடசாலையிலுள்ள முப்பரிமாண அச்சுப்பொறியில் அதன் கூட்டை வார்த்து அனுப்பினாள். பெயர்ப்பலகையை வரைந்தபோது தொலைபேசியில் கேட்டாள்: "தாத்தா, உங்கட ஊர்க் கோச்சிக்கு ஏன் எங்கட ஊர்ப் பேர்?"

அவளுக்கு என்ன சொல்வது? அவளுடைய பூட்டனார் ஒன்ராறியோ என்று பெயர் எழுதிய இயந்திரத்தின் பின்னால் அமர்ந்து கந்தோருக்குப் பயணம் செய்தவர். அது ஓர் இடத்தின் பெயர் என்பதைக்கூட அவர் எண்ணியிருக்க மாட்டார். இருபது, முப்பது ஆண்டுகளில் அவருடைய சந்ததி முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே குடியேறிவிட்டது. இதை அவளுக்கு விளக்க அரைமணிநேரம் எடுத்தது. பாதை ஏன் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது. அவளுடைய வீட்டில் அதை யாரும் அதுவரை வரிசையாகச் சொல்லியிருக்கவில்லை.

அமைப்பு முடிந்தது என்று நான் எண்ணியிருந்தவேளை, வன்னியைச் சேர்ந்த இளம் பத்திரிகையாளர் ஒருவர் பார்க்க வந்தார். 1992 இல் பிறந்தவர். வண்டி இரண்டுமுறை வந்துபோனது. மரியாதையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐயா, நான் தண்டவாளத்தை முதன்முதலாகப் பார்த்தது பங்கருக்கு மேலே. அது பங்கர் மூடுகிற சாமான் எண்டுதான் நினைச்சிருந்தன். கோச்சி அதுக்கு மேலே ஓடும் எண்டு அம்மா சொல்ல, நான் நம்பேல்லை."

அவர் போனபின் பல நாட்கள் நான் வண்டி ஓட்டவில்லை. நான் செய்தது பொய்யல்ல. 1969 அப்படித்தான் இருந்தது. ஆயினும் அவருடைய தலைமுறைக்குப் பலகையில் இடமிருக்கவில்லை. இன்னும் எத்தனை பனை செய்தாலும் அது தீராது என்று உணர்ந்தேன்.

பலகை மூன்று துண்டுகளாலானது என்று முன்னர் சொன்னேன் அல்லவா? நடுத்துண்டைப் போலவே நாலடியில் இன்னொரு துண்டு செய்தேன். அதே இடம்; 1994 ஓகஸ்ற். தண்டவாளம் இல்லை; சிலிப்பர்க் கட்டைகளும் இல்லை. கற்கள் சிதறிய மேடும், எருக்கலையும் நாயுண்ணியும், நடுவே சைக்கிள்கள் போய்ப் போய் உண்டான ஒற்றையடிப் பாதையும்தான். மேடையின் விளிம்பில் புல். தெற்கே போகவேண்டியவர்கள் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்த காலம் அது. ஓரத்தில் ஒரு பங்கர். அதன் கூரைக்கு, முதற் துண்டில் மிச்சமாகிய தண்டவாளத்தையே வெட்டி அடுக்கினேன். பதினாறரை மில்லிமீற்றர் கணக்கு அங்கே எதற்கும் உதவவில்லை. ஒன்றுமே இல்லாத அந்த நாலடியை முடிக்க, எல்லாம் இருந்த நாலடியைவிட அதிக காலம் எடுத்தது. எத்தனை அடி உயரத்தில் பற்றை, பாதையில் எந்த இடத்தில் நீர் தேங்கும் என்று ஊரில் இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டே செய்தேன். சொல்லத் தொடங்கியவர்கள் பற்றையோடு நிறுத்தவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன். இதுவரை மூன்று புத்தகங்கள் நிறைந்திருக்கின்றன.

அந்தத் துண்டைப் பொருத்திய நாளில் கார்ட் ஐயா கொழும்புப் பக்கமிருந்து வண்டியை எடுத்தார். ஒன்ராறியோ பனந்தோப்பைக் கடந்து வந்து, தண்டவாளம் முடியும் இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. அவர் மணியை இரண்டுமுறை அடித்துப் பார்த்தார். எனது பக்கத்திலிருந்து கொடுப்பதற்கு அனுமதி எதுவும் இருக்கவில்லை. "இருபத்துநான்கு வருசம், மாத்தயா" என்று மட்டும் சொல்லி வண்டியைப் பின்னால் எடுத்தார்.

இப்போது மூன்றாவது நடுத்துண்டு தொடங்கியிருக்கிறது. அது 2019 ஓகஸ்ற். 1994 இலிருந்து மீண்டும் இருபத்தைந்து ஆண்டுகள். புதிய பாதை, புதிய கட்டடம். தென்மராட்சியை 2000 ஆம் ஆண்டுப் போர் தின்றபின் மீண்டும் தலையெடுத்த தென்னைகள் அதில் வரும். அதை அமைப்பவன் நானல்லன்; அந்த இளம் பத்திரிகையாளரே கொடிகாமத்துக்குப் போய் நாடா பிடித்து அளந்து வந்திருக்கிறார். அவருடைய கைக்குப் பனையோலை இன்னும் சரியாக மடியவில்லை, பழகிவிடும்.

பார்க்க வரும் முதியவர்கள் 1969 ஐப் போடச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு எது என்றாலும் வண்டி ஓடவேண்டும். இளைஞர்கள் சிலர் தாமாகவே 1994 ஐக் கேட்கிறார்கள். துண்டை மாற்ற நான்கு ஆணிகள், இரண்டு செருகிகள்; ஏழு நிமிடம் போதும். அந்த ஏழு நிமிடத்தில்தான் வந்தவர்கள் பேசத் தொடங்குகிறார்கள்.

வாசகர்களில் யாருக்காவது இந்தப் பொழுதுபோக்கில் நாட்டமிருந்தால், நாலடிப் பலகை ஒன்றோடு தொடங்குங்கள். உங்கள் ஊர் நிலையம் மாங்குளமாகவோ, பரந்தனாகவோ, மீசாலையாகவோ இருக்கலாம். முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். அதன்பின், உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தவர் இருப்பின், மேடையில் எங்கே நிழல் விழுந்தது, கைகாட்டி எந்தப் பக்கம் நின்றது என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பசையும் பலகையும் நாளைக்கும் கிடைக்கும்.